செத்தவள் மறுபடி எப்படி வந்தாள்? சீன ‘சியென்சியா’ காதல் தொடர்கள்: ஓர் அறிமுகம்

போன மாதம் ஒரு ராத்திரி பதினொன்றரை மணிக்கு அக்கா மகளிடமிருந்து போன். பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை அந்நேரத்துக்குக் கூப்பிட்டால் வயிற்றில் புளியைக் கரைக்கத்தானே செய்யும்? எடுத்தேன். “சித்தி, அவ மேலேருந்து குதிச்சு செத்துட்டா. நான் அழுது முடிக்கல, அதுக்குள்ள வேற பேர்ல வந்து நிக்கிறா. புருஷனைப் பார்த்தே நீங்க யாருன்னு கேக்கறா. நடுவுல ஏதாவது எபிசோடை விட்டுட்டேனா?”

ஒன்றையும் விடவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது 2017இல் வந்த 58 எபிசோட் சீனத் தொடர். ஆங்கிலத்தில் ‘எடர்னல் லவ்’ என்பார்கள். சீனப் பெயரை அப்படியே சொன்னால் ‘மூன்று பிறவி, மூன்று உலகம், பத்து லி தூரத்துப் பீச் பழமர மலர்கள்’. யாங் மியும் மார்க் சாவும் நடித்தது. அவள் விட்டது ஒரே ஒரு சொல்லை. சப்டைட்டிலில் ‘ட்ரிபுலேஷன்’ என்று வந்து ஒரு நொடியில் போய்விடும். சீனத்தில் அது ‘ஜியே’. அந்தச் சொல் பிடிபட்டுவிட்டால் இந்தவகைத் தொடர்களில் பாதி புரிந்த மாதிரி. கதைகளின் முடிவைச் சொல்லாமல் அதை விளக்க முடியாது, எனவே பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் அந்த ‘இம்மார்ட்டல்’ யார் என்று பார்த்துவிடலாம். சப்டைட்டில் ஒரு சமயம் ‘இம்மார்ட்டல்’ என்கிறது, இன்னொரு சமயம் ‘ஃபேரி’ என்கிறது, அடுத்த காட்சியில் ‘காட்’ என்கிறது. நாமும் இந்திரன், ரம்பை, ஊர்வசி என்று மனதுக்குள் ஒரு படம் போட்டுக்கொள்கிறோம். அங்கேதான் தடம் மாறுகிறது. மூலச் சொல் ‘சியென்’. அதை எழுதும் சீன எழுத்தில் இரண்டே பகுதிகள்: இடப்பக்கம் ஆள், வலப்பக்கம் மலை. ஊரைவிட்டு மலையேறிப் போய், மூச்சை அடக்கி, மருந்து உண்டு, சாவைத் தள்ளிவைத்த மனிதன். நம் மொழியில் இதற்குக் கிட்டத்தில் நிற்கிற சொல் தேவன் அல்ல, சித்தன்.

இது ஒப்புமைக்காக மட்டும் சொல்வதில்லை. நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் என்ற தாவோ அறிஞர் சியென் ஆவதற்கு எழுதிவைத்த மருந்துகளில் முன்னால் நிற்பவை சாதிலிங்கமும் பாதரசமும் தங்கமும். நம் சித்த மருத்துவத்தின் ரசத்தையும் லிங்கத்தையும் காயகற்பத்தையும் அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. போகருக்கும் சீனத்துக்கும் தொடர்பு உண்டென்று நம் சித்தர் மரபே சொல்லிவருகிறது. அது மரபுச் செய்திதான், வரலாற்றுச் சான்றாக நான் வைக்கவில்லை. மருந்தில் கைவைத்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது மட்டும் வரலாற்றில் தெளிவாக இருக்கிறது. சாகாமருந்து தேடிக் கடலுக்குள் ஆள் அனுப்பிய முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் கி.மு. 210இல் ஐம்பது வயதைத் தொடாமலே இறந்தார். தாங் வம்சப் பேரரசர்களில் சிலர் அந்த மருந்தை உண்டே போய்ச் சேர்ந்தார்கள்.

கே ஹோங் சியென்களை மூன்று தரமாகப் பிரிக்கிறார். முதல் தரத்தார் உடம்போடு வானத்துக்கு ஏறுவார்கள். நடுத்தரத்தார் புகழ்பெற்ற மலைகளில் திரிவார்கள். கடைசித் தரத்தார் ஊர் பார்க்கச் செத்து, பிறகு பூச்சி கூட்டை உரிப்பதுபோல உடம்பை உரித்துவிட்டுப் போய்விடுவார்கள். செத்தவள் எப்படி வந்தாள் என்ற கேள்விக்கு ஏறக்குறைய 1,700 ஆண்டுக்கு முன்பே ஒரு பதில் இருந்திருக்கிறது.

இந்தச் சியெனோடு வாள்வீரர்களின் ‘சியா’ சேர்ந்தால் ‘சியென்சியா’. வாளும் வீரமும் மட்டும் இருந்தால் அது ‘வூசியா’, குங்ஃபூ படங்களின் உலகம். வாளின் மேலேயே ஏறி நின்று பறந்தால் சியென்சியா. 1932இல் தொடராக வரத் தொடங்கிய ஷு மலை வாள்வீரர் கதையை இந்த வகையின் ஊற்று என்பார்கள். டிவியில் பரவலாக்கியது, 1995இல் தைவானில் வெளியான ஒரு கம்ப்யூட்டர் கேமை வைத்து எடுத்து 2005இல் வந்த தொடர். ஹூ கேவும் லியூ யிஃபெய்யும் நடித்தது. அதற்குப் பிறகு இணையத்தில் நாவல் எழுதும் பெண்கள் கைக்கு இந்த வகை போய்ச் சேர்ந்தது. வாள் பின்னால் போய்க் காதல் முன்னால் வந்தது.

கற்பம் கண்டமான கதை

இப்போது ‘ஜியே’க்கு வருவோம். இந்தச் சொல் போன வழி எனக்கு மிகவும் பிடிக்கும்.

பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தவர்களுக்கு ‘கல்பம்’ என்ற சொல் ஒரு சிக்கல். உலகம் ஒரு முறை தோன்றி அழிகிற நீண்ட காலத்தைக் குறிக்கும் சொல் அது. தமிழில் கற்பம் என்கிறோம். அத்தனை நீளமான காலத்துக்கு அவர்களிடம் தனிச்சொல் இல்லை. ஒலியை வைத்து ‘ஜியேபோ’ என்று எழுதி, பிறகு ‘ஜியே’ என்று குறுக்கிக்கொண்டார்கள். அவர்கள் எடுத்த எழுத்துக்கு ஏற்கனவே ஒரு பொருள் இருந்தது: பறித்தல், மிரட்டிப் பிடுங்குதல். கற்ப முடிவில் தீயும் வெள்ளமும் காற்றும் உலகத்தை அழிக்கும் என்று நூல்கள் சொல்ல, எழுத்தின் பழைய பொருளும் அதோடு ஒட்டிக்கொள்ள, ‘ஜியே’ காலத்தைவிட்டு இறங்கிப் பேரழிவைக் குறிக்கத் தொடங்கியது. நாளடைவில் உலகத்துக்கு வரும் அழிவு தனி ஆளுக்கு வரும் ஆபத்தாகச் சுருங்கியது. விதியில் எழுதியிருப்பது, தப்பினால் பிழைத்தான், தப்பாவிட்டால் போனான் என்கிற மாதிரியான ஆபத்து.

அதற்கு நம் வீடுகளில் ஒரு சொல் இருக்கிறது. “அவனுக்குத் தண்ணியில கண்டம், குளத்துப் பக்கம் விடாதே” என்று பாட்டிகள் சொல்வார்களே, அந்தக் கண்டம். ‘ட்ரிபுலேஷன்’ என்று திரையில் வரும்போதெல்லாம் கண்டம் என்று படித்துக்கொள்ளுங்கள். காட்சி சட்டென்று தெளியும்.

நம் கண்டத்துக்கும் அவர்கள் கண்டத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நமக்குக் கண்டம் கழிந்தால் உயிர் மிஞ்சும், அவ்வளவுதான். சியெனுக்குக் கழிந்தால் பதவி உயர்வு. ‘எடர்னல் லவ்’ உலகத்தில் சாதாரணச் சியெனுக்கு மேல் ‘ஷாங்சியென்’, அதற்கும் மேல் ‘ஷாங்ஷென்’ என்று படிகள். ஒவ்வொரு படிக்கும் ஒரு கண்டம். சில கண்டங்கள் இடியாக வரும். நாயகி பாய் ச்சியென் மாணவியாக இருந்த நாளில் அவளுக்கு இறங்க வேண்டிய இடிகளைக் குரு மோ யுவான் தன் முதுகில் வாங்கிக்கொள்வார். இன்னொரு வகை, கீழே மனித உலகத்தில் பிறந்து, சாதாரண ஆளாக வாழ்ந்து, சாதாரண ஆளாகச் செத்துவிட்டு வருவது. அதிலும் காதலால் நொந்து சாவதென்றால் அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது: ‘ச்சிங் ஜியே’, காதல் கண்டம்.

இதன் நடைமுறை கிட்டத்தட்ட அரசாங்க அலுவலகம்தான். விதியை எழுதுவதற்கென்று மேலே ‘ஸுமிங்’ என்றோர் அதிகாரி இருக்கிறார், நம் சித்திரகுப்தன் மாதிரி. சித்திரகுப்தன் நடந்ததை எழுதுகிறவர், இவர் நடக்கப்போவதை எழுதுகிறவர். யார் வீட்டில் பிறக்க வேண்டும், எந்த வயதில் யாரைப் பார்க்க வேண்டும், எப்படிச் சாக வேண்டும், எல்லாம் இவர் கையில். பிறக்கப் போகிறவர் மறதிச் சூப்பைக் குடித்துப் பழசை மறப்பார். பாதாள உலகத்துப் பாலத்தில் மெங் போ என்ற கிழவி ஊற்றிக் கொடுக்கும் சூப்பு அது, சீன நாட்டார் நம்பிக்கையில் எல்லா மனிதர்களுக்கும் பொதுவானது. மனித உடம்பு செத்ததும் நினைவோடு மேலே எழுவார். அதற்குச் சீனத்தில் சொல்லும் வார்த்தை ‘குய்வெய்’, அதாவது இருக்கைக்குத் திரும்புதல். லீவு முடிந்து டியூட்டியில் சேர்வதுபோல.

லீவு என்று சும்மா சொல்லவில்லை. மேலே ஒரு நாள் போனால் கீழே ஓர் ஆண்டு போகும் என்பது பழைய சீனக் கணக்கு. தேவர்களுக்கு ஒரு நாள் நமக்கு ஒரு வருஷம், மார்கழி அவர்களுக்கு விடியற்காலை என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கீழே பிறந்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, அறுபதில் செத்தால் மேலே அறுபது நாள். இரண்டு மாத விடுப்பு. திரும்பி வந்தால் மேசையில் கோப்புகள் அப்படியே இருக்கும்.

கீழே அவரோடு வாழ்ந்தவருக்கு அது முழு ஆயுள்.

சூ சூ யார்?

அக்கா மகளை அழவைத்த காட்சிக்கு வருகிறேன். மலையில் தனியாக ஒரு பெண். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, மாயமந்திரம் எதுவும் தெரியாது. அடிபட்ட சிறு பாம்புபோல ஒன்று கிடக்கிறது. எடுத்துவந்து மருந்து போடுகிறாள். அது பாம்பல்ல. ஒன்பதாம் வானத்தின் பட்டத்து இளவரசன் யே ஹுவா, உருக்குறுகிய டிராகன். அவளுக்குச் சூ சூ என்று பெயர் வைப்பவன் அவன்தான். மலையிலேயே கல்யாணம் நடக்கிறது. அங்கே அவனுக்குப் பட்டம் இல்லை, அவளுக்குப் பழசு இல்லை. வானத்துக்குப் போனதும் எல்லாம் மாறுகிறது. அரண்மனையில் ஒருத்தி பொய்ப்பழி போடுகிறாள், தண்டனையாகச் சூ சூவின் கண்கள் போகின்றன. கண்ணை எடுப்பவன் கணவனே. அதைவிடப் பெரிய தண்டனையிலிருந்து காப்பாற்றத்தான் எடுக்கிறான், ஆனால் அதை அவளிடம் சொல்வதில்லை. (சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? சியென்சியா நாயகர்கள் யாருக்கும் இந்தப் பாழாய்ப்போன வாய் திறக்காது.) பிள்ளையைப் பெற்றுவிட்டு, பார்வையில்லாமல் தடவித் தடவி நடந்து, சியென்களைக் கொல்லும் மேடையின் விளிம்புக்குப் போய்க் குதிக்கிறாள்.

அந்த மேடை மனிதரைக் கொல்லும், சியெனின் சக்தியை அழிக்கும். குதித்த கணத்தில் முத்திரை உடைகிறது. அவள் மனுஷியே அல்ல. ச்சிங்ச்சியூவின் ஒன்பது வால் நரிக் குலத்து அரசி பாய் ச்சியென். போரில் எதிரி அவள் சக்தியையும் நினைவையும் பூட்டி வீசியெறிந்ததால் சூ சூவாகக் கிடந்தவள். அத்தனை துயரமும் அவள் ‘ஷாங்ஷென்’ ஆவதற்கான கண்டம். கண்டம் கழிந்தது, பதவியும் வந்தது. அவள் முதல் வேலையாக மருந்து வாங்கிக் குடித்துச் சூ சூவாக வாழ்ந்ததையெல்லாம் மறந்துவிடுகிறாள். முந்நூறு ஆண்டு கழித்து யே ஹுவாவைப் பார்க்கும்போது “நீங்க யாரு”.

நாவலில் அவளுக்கு வயது 1,40,000, அவனுக்கு 50,000. அந்த நீளத்தின் பக்கத்தில் வைத்தால் சூ சூவின் வாழ்க்கை ஒரு தும்மல் நேரம்கூட இல்லை. அப்படியும் அடுத்த முப்பத்துச் சொச்ச எபிசோடும் அந்தத் தும்மலைச் சுற்றியே நடக்கிறது. யே ஹுவா பாய் ச்சியெனைக் காதலிப்பது எதற்காக? அவள் சூ சூ என்பதற்காகவா? சூ சூ என்று ஒருத்தி இருந்தாளா, பாய் ச்சியெனின் காய்ச்சல்கனவா? என்னைக் கேட்டால் தொடர் இதற்குப் பதில் சொல்லவில்லை, நல்லவேளையாக.

என் கட்சி இதுதான்: சாகாதவருக்கும் சாகிறவருக்கும் இடையே காதல் என்று விளம்பரம் செய்யும் இந்தத் தொடர்களில் உண்மையில் சாகிறவர் பெரும்பாலும் கிடையாது. ‘மனிதர்’ என்பது அங்கே ஒரு நிலை, வேஷம் என்றுகூடச் சொல்லலாம். பட்டமும் பகையும் கடமையும் தெரிந்த வரைக்கும் இவர்களால் ஒருவரையொருவர் நேராகப் பார்க்க முடிவதில்லை. எல்லாவற்றையும் மறந்து ஒரு குடிசையில் சோறு வடிக்கும்போதுதான் காதல் வருகிறது. 2018இன் ‘ஆஷஸ் ஆஃப் லவ்’ தொடரில் நாயகி ஜின் மிக்குக் காதலே வராதபடி பிறந்தபோதே ஒரு மாத்திரையைக் கொடுத்துவிடுகிறாள் தாய். நாயகன் மனிதனாகப் பிறக்கக் கீழே போக, அவளும் பின்னால் போகிறாள். 2022இன் ‘லவ் பிட்வீன் ஃபேரி அண்ட் டெவில்’ தொடரில் நாயகிக்கு ஸுமிங்கின் மாளிகையிலேயே, விதிப்புத்தகங்களைப் பழுதுபார்க்கிற வேலை. வில்லனாக வரும் நாயகன் அசுரகுலத் தலைவன். அவர்களும் மனித உலகத்துக்கு இறங்கித்தான் ஆகவேண்டும்.

ஆமாம், அந்த அசுரர். சீனத்தில் ‘மோ’. அதுவும் இந்தியச் சொல்தான்: புத்தரை மயக்க வந்த மாரன். மணிமேகலை படித்தவர்கள் மாரனை வென்றவராகப் புத்தரை அறிவார்கள். தமிழில் மாரன் என்றால் மன்மதனும் ஆவான். காமதேவனின் பெயர் சீனம் போய்ப் பேயானது. பிறகு டிவியில் அந்த ‘மோ’ குலத்தானே கதாநாயகனாகி, கறுப்பு உடையில் வந்து எல்லாப் பெண்களின் மனசையும் அள்ளுகிறான். பழைய தொழிலுக்கே திரும்பிவிட்டான் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

காதலித்தால் என்ன குற்றம்?

பழைய கதைகளில் காரணம் எளிது: மேலிடத்துச் சட்டம். நெசவுக்காரத் தேவமகள் பூமிக்கு வந்து மாடு மேய்ப்பவனைக் கட்டிக்கொள்கிறாள். சொர்க்கத்தின் ராணி கொண்டையூசியை உருவி ஒரு கோடு கிழிக்க, அது ஆகாயகங்கையாக ஓடி இருவரையும் பிரிக்கிறது. ஏழாம் மாதம் ஏழாம் நாள் மட்டும் மேக்பை பறவைகள் பாலமாக நிற்கும். ஹாங்சோவின் வெள்ளைப்பாம்புக் கதையில் ஆயிரம் ஆண்டு தவமிருந்து பெண்ணுருப் பெற்ற பாம்பு, மருந்துக்கடைப் பையனைக் கட்டிக்கொள்கிறது. ஃபாஹாய் என்ற துறவி அவளை லெய்ஃபெங் கோபுரத்தின் அடியில் அடைக்கிறார். கோபுரம் நிஜம். தாயத்துபோல அதன் செங்கல்லை ஆளுக்கொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கி 1924இல் அது சரிந்தே போனது. 2002இல் புதிதாகக் கட்டினார்கள்.

புதிய தொடர்களில் துறவியும் ராணியும் இருந்தாலும் முட்டுக்கட்டை அவர்கள் அல்ல. ‘சாங்ஷெங்’ என்ற சொல்லைக் கவனியுங்கள், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை யாராவது சொல்வார்கள். எல்லா உயிர்களும் என்று பொருள். சியென் எல்லா உயிர்களுக்கும் பொதுவானவன். ஒருத்தியைத் தனியாக நேசித்தால் நாளை அவளா, ஊரா என்ற கேள்வி வரும்போது தராசு சாயும். அதனால்தான் மேலே போகப்போகப் பாசத்தை அறுக்கச் சொல்கிறார்கள். கதைகளும் தவறாமல் அந்தக் கேள்விக்கே கொண்டுபோய் நிறுத்துகின்றன. சலிப்பூட்டும் அளவுக்கு, கடைசி மூன்று எபிசோடில், வானம் சிவந்து இடிய இடிய.

பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டொரு அடையாளம். தரையில் புகை ஓடினால் வானுலகம். ஆவி பறக்கும் பன் கடையும், குச்சியில் குத்திய சர்க்கரைப் பாகு ஹாத்தார்ன் பழமும் தெரிந்தால் மனித உலகம். அந்தப் பழத்தை வாயில் வைத்துக் கண் விரிக்காத சியென் கிடையாது. இருட்டும் கறுப்பும் சிவப்புமாக இருந்தால் ‘மோ’க்களின் இடம். எடுத்தவுடன் 58 எபிசோட் வேண்டாம். 40க்குள் முடியுங்கள் என்று 2020 பிப்ரவரியில் சீன ஒளிபரப்புத் துறை சொன்ன பிறகு வந்தவை சுருக்கமானவை. ‘லவ் பிட்வீன் ஃபேரி அண்ட் டெவில்’ 36தான், சிரிப்பும் உண்டு. நான் முதலில் கைகாட்டுவது அதைத்தான்.

உண்மையிலேயே மனுஷியாகப் பிறந்த நாயகி வேண்டுமென்றால் 2015இல் வந்த ‘த ஜர்னி ஆஃப் ஃபிளவர்’. ஹுவா ச்சியென்கூ அனாதைப் பெண். பாய் சிஹுவா அவள் குரு, உச்சியில் இருக்கும் சியென். இங்கே கண்டம் இடியாகவும் வரவில்லை, பிறவியாகவும் வரவில்லை. அவள்தான் அவனுடைய கண்டம், உயிருக்கே உலை வைக்கும் கண்டம். அவளைக் கொன்றுவிட்டால் கழிந்துவிடும். அவனோ அவளைச் சிஷ்யையாகச் சேர்த்துக்கொள்கிறான். கடைசியில் அவன் கை வாளாலேயே அவள் சாகிறாள், சாகும்போது ஒரு சாபம் கொடுக்கிறாள்: உனக்கு மூப்பு வராது, சாவு வராது, காயம் படாது, அழிவு கிடையாது. மற்ற எல்லாரும் ஆயிரமாயிரம் ஆண்டு தவமிருந்து கேட்கிற வரம் அது.

அக்கா மகள் அதை இன்னும் ஆரம்பிக்கவில்லை. பரீட்சை முடியட்டும் என்று பெயரைக்கூடச் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.